கரி எடுக்கும் டானிக்

காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் டானிக் விற்க வந்தவன் மூடியைத் திறந்தான். அதே அதிமதுர வாசனை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் ஓயாத இருமல். அம்மா வாசலில் வாங்கிய இந்த டானிக்கைக் குடித்துவிட்டுத் துப்புவார். எச்சில் கறுப்பாக விழும்.

"பாத்தியா, கரியெல்லாம் வெளிய வந்துகினு இருக்கு" என்பாள் அம்மா. நாங்களும் எட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். அதை நம்பி ஆஸ்பத்திரிக்கே போகாமல் அப்பா செத்துப்போனார்.

"நெஞ்சுல இருக்கிற கரிய எடுத்துடும்ங்க" என்றான் வந்தவன்.

ஒரு மூடி வாங்கிக் குடித்து, அவன் எதிரிலேயே துப்பினேன். சிமெண்ட் தரையில் கறுப்பாக விழுந்தது.

"நான் டீச்சர். சுரங்கத்துல ஒருநாள்கூட இறங்கினதில்ல. இந்தக் கரி எங்கருந்து வந்துச்சு, சொல்லு."