வியன்னாவில் சொன்ன பொய்

எங்கள் ஊர் எருத்தேன்பதி, பாலக்காட்டின் கிழக்கு எல்லை. வீட்டில் தமிழ்தான். ஆனால் கேரளத்துக் கல்லூரி விடுதியில் தமிழன் என்பதால் என்னைப் "பாண்டி" என்று கேலி செய்ததிலிருந்து, வெளியாட்கள் முன்னால் மலையாளம் மட்டுமே பேசுவேன். மேற்படிப்புக்கு ஜெர்மனி போனபோது அந்தப் பயமும் கூடவே வந்தது. அறைத்தோழன் அனூப் கோட்டயத்துக்காரன். நானும் மலையாளி என்றே அவன் நினைத்திருந்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரும் வியன்னாவைச் சுற்றிப் பார்க்கப் போனோம். பனிக்கு ஒதுங்கிய சிறிய உணவகத்தில் தட்டு எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து, "தம்பி தமிழோ? நான் யாழ்ப்பாணம்" என்று ஆசையாகக் கேட்டார்.

"இல்லை, மலையாளி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிப்பு அடங்கிவிட்டது.

அனூப் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து அம்மா போன் செய்தார். வாசலுக்கு ஓடினேன்.

"சாப்புட்டனுங்மா. குளுருதானுங், ஒண்ணும் பயமில்லீங்."

பேசி முடித்துத் திரும்பினால், நான் மேசையில் மறந்த கையுறைகளோடு அந்த யாழ்ப்பாணத்துக்காரர் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கை விறைச்சுப் போகும், போடுங்கோ" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்குள் அனூப் வந்துவிட்டான். அவர் சட்டென்று தமிழை நிறுத்தி, எங்கள் இருவருக்கும் ஜெர்மனில் விடை கொடுத்தார். என் பொய்யை எனக்காகக் காப்பாற்றினார்.

நான் அவருக்கு நன்றி சொன்னேன். அனூப் பக்கத்தில் நின்றதால், அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

பொய்யைவிட அந்த நன்றிதான் இன்றும் என்னைக் கூசவைக்கிறது.