மினதிக்கு என்ன பாஷை வரும்?

என் ஓரகத்தி சுசீலாவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. என்னைத் திட்டுவதென்றால் தெலுங்கில்தான் திட்டுவாள். பிறந்த வீடு ஆரம்பாக்கம் பக்கம். எல்லையைத் தாண்டினால் ஆந்திரா. செல்போனில் அவள் அம்மாவோடு பேசும்போது நடுநடுவே 'அக்கா... அக்கா...' என்று வந்தால், சரி, நம்ம தலைதான் உருளுகிறது என்று தெரிந்துகொள்வேன். மற்றபடி ஒரு வார்த்தை புரியாது. கூட்டுக் குடும்பத்தில் இதுவும் ஒரு வசதிதானே?

அந்தத் தெலுங்கு போன மாதம் ஓர் உயிரைக் காப்பாற்றியது. சொல்கிறேன்.

சுசீலாவுக்குத் தைராய்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். டாக்டரம்மா நல்லவர், பேப்பரில் வரும் என் பத்தியை வேறு படிக்கிறவர்! பெண்கள் பிரிவில் காலையிலேயே நல்ல கூட்டம். பொன்னேரி, அதன் பக்கத்து ஆரணி, எல்லைப்பக்கத்து ஊர்கள் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். எல்லார் கண்ணும் கடிகாரத்தில்.

எங்களுக்கு முன்னால் ஓர் இளம்பெண். வகிடு நிறையக் குங்குமம், தலையில் முக்காடு. நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் கணவர். ஒரிசாக்காரர், இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அவள் பெயர் மினதி என்று சிஸ்டர் கூப்பிட்டபோது தெரிந்தது. இருவரும் உள்ளே போனார்கள். அந்த அறைக்குக் கதவு உண்டு. சாத்துகிற வழக்கம்தான் இல்லை. உள்ளே பேசுவதெல்லாம் எங்களுக்கும் கேட்டது.

"என்னம்மா செய்யுது?" என்றார் டாக்டரம்மா.

"வயிறு வலி மேடம். ரொம்ப வலி" என்றார் கணவர்.

"சாப்பாடு சரியா சாப்பிடறாளா? பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

கணவர் விழித்தார். பாவம், அவர் என்ன செய்வார்? அவர் கற்ற தமிழெல்லாம் கம்பெனியில் கற்றது. தூக்கு, இறக்கு, ஷிப்ட், ஓவர்டைம், சீக்கிரம் வாடா. அதில் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேச வார்த்தை ஏது? "வயிறு வலி மேடம்" என்றார் மறுபடியும்.

"அந்த வாட்ச்மேனைக் கூப்பிடுங்க. அவருக்கு இந்தி தெரியும்."

அங்கே அதுதான் நடைமுறை. வடக்கிலிருந்து யார் வந்தாலும் வாட்ச்மேன்தான் மொழிபெயர்ப்பாளர். மாஜி ராணுவம். மீசையைப் பார்த்தாலே நமக்கு சல்யூட் வைக்கத் தோன்றும். அவர் வந்து நின்றார். "க்யா தக்லீஃப் ஹை?" என்று, அதாவது என்ன தொந்தரவு என்று, பட்டாளக் குரலில் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்... வராந்தாவில் மருந்துக்கு நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

மினதி முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது மேடம். வெக்கப்படுது போல" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வாட்ச்மேன் கேட்டுக்குப் போய்விட்டார். டாக்டரம்மாவுக்கு வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். வாயுத் தொல்லை என்று கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதற்கு முன் வந்தபோதும் அதே மாத்திரைதான் என்று கணவர் கையிலிருந்த காலி அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் மருந்து வாங்கப் போக, மினதி எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்ன, சரிந்தாள். கை ஜில்லென்று இருந்தது. "என்னம்மா?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊமை கண்ட கனவு மாதிரி அவளுக்குள்ளேயே என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து சுசீலாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து போன். தெலுங்கு கரைபுரண்டது. இரண்டு முறை 'அக்கா' வந்தது. எனக்குத் தெரியும், என்னைப் பற்றித்தான்.

மினதி களுக்கென்று சிரித்துவிட்டாள்!

சுசீலா போனைக் காதிலிருந்து எடுத்தாள். தெலுங்கில் ஏதோ கேட்டாள். மினதி தெலுங்கிலேயே பதில் சொன்னாள். சுசீலா வாயைப் பிளந்தாள்.

"அக்கா! இந்தப் பொண்ணுக்குத் தெலுங்கு வருதுக்கா! அவங்க அம்மா ஊடு ஒரிசாவுல ஆந்திரா பார்டரு பக்கமாம்."

"அது சரி, எதுக்குச் சிரிச்சா?"

"அது... நீங்க கியூல நிக்கிறவங்களையெல்லாம் பேட்டி எடுத்துக்கினு கீறீங்க, அடுத்த வாரம் அத்தினி பேரும் பேப்பர்ல வந்துடுவாங்கன்னு எங்கம்மாகிட்ட சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க!"

எடுத்துக்கொள்ள நேரமில்லை. மினதி சுசீலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டாள். மடை திறந்த மாதிரி பேசினாள். நடுவில் அழுதாள். சுசீலாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. சட்டென்று எழுந்தாள். அவளையும் எழுப்பினாள். கியூவையெல்லாம் தாண்டி அறைக்குள் நுழைந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டரம்மா, அது வயித்து வலி இல்லீங்க! கொழந்தை கலைஞ்சிருக்கு. அதுலேர்ந்து ரத்தம் நிக்கவேல்லியாம், போய்க்கினே கீதாம். எழுந்தா கண்ணு இருட்டுதாம்."

"என்கிட்ட வயித்து வலின்னுதானே சொன்னாங்க!" என்றார் டாக்டரம்மா. கோபமாகத்தான் ஆரம்பித்தார். மினதியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. வெள்ளைவெளேரென்று இருந்தது. "கதவைச் சாத்துங்க" என்றார் சிஸ்டரிடம்.

அன்று மத்தியானமே சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே கர்ப்பப்பையைச் சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் சில நாள் அதே கேஸ் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருந்தால்?

அன்று சென்னைக்கு வண்டி கிளம்பும் முன் கணவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏம்பா, உன் பொண்டாட்டிக்குத் தெலுங்கு தெரியும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். இங்கே இந்தி தெரியுமான்னுதான் கேட்டாங்க. தெலுங்கு யாரும் கேக்கல."

"ரத்தம் போறது?"

"அது என்கிட்ட சொல்லல மேடம். வலின்னு மட்டும் சொன்னா" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அந்த ஊரில் அதையெல்லாம் ஆம்பிளைகளிடம் சொல்ல மாட்டார்களாம். ஏன், நம் ஊரில் மட்டும்? அவர் கெட்டவர் இல்லை. சம்பளத்தை விட்டுவிட்டு அழைத்து வந்தவர். அவளே அவரிடம் சொல்லாததை அவர் எப்படி டாக்டரிடம் சொல்வார்?

"கையில வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலைஞ்ச கதைக்கா இது" என்றாள் சுசீலா. உண்மைதான். அந்த வராந்தாவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. அந்த சிஸ்டருக்கே தெலுங்கு வரும்! வடக்கத்திப் பெண் என்றால் இந்தி, இந்தி என்றால் வாட்ச்மேன். இப்படியே பழகிவிட்டோம். உனக்கு என்ன பாஷை வரும் என்று மினதியைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தால் போதும். எல்லோரும் அவள் கணவரையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் இதே யோசனை. இது பாஷை தெரியாத கஷ்டம் மட்டும்தானா? சுத்தத் தமிழச்சி டாக்டரிடம் போனாலும் கதை என்ன? "என்னம்மா பண்ணுது?" என்று அவளைக் கேட்பார்கள். "ஒண்ணுமில்ல சார், சும்மா டென்ஷன்" என்று கூட வந்த கணவர் சொல்வார். பேங்குக்குப் போனால் "சார் வரலையா?" பெண்ணுக்குச் சம உரிமை என்று மேடை போட்டுப் பேசுகிறோம். அவள் வலியை அவள் வாயால் சொல்ல ஒரு கதவு, ஒரு காது... அதற்கு வழி செய்திருக்கிறோமா?

டாக்டரம்மா இப்போது செய்திருக்கிறார். கதவு சாத்தப்படுகிறது. முதல் கேள்வி பெண்ணிடம்தான்: எந்த பாஷை வரும்? சிஸ்டருக்குத் தெரியாத பாஷை என்றால், காத்திருக்கும் பெண்களில் யாருக்காவது தெரியுமா என்று விசாரித்து, நோயாளிக்குச் சம்மதமானால் உள்ளே அழைக்கிறார்கள். ஆம்பிளைகள் வெளியே. பெரிய செலவெல்லாம் ஒன்றும் இல்லை.

போன வாரம் மினதி மறுபடி காட்டிக்கொள்ள வந்தாள். முகத்தில் களை திரும்பியிருந்தது. சுசீலாதான் கூடவே உள்ளே போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. பழக்க தோஷம், கணவரும் பின்னாலேயே வந்துவிட்டார். "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார் டாக்டரம்மா. கணவர் வாயைத் திறந்தார்.

மினதி கையை உயர்த்தினாள்.

"நீ வெளில இரு. நான் சொல்றேன்."

கியூவில் காத்திருந்தபோது சுசீலாவிடம் கேட்டுக் கேட்டு அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ் அதுதானாம். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற நம்மில் எத்தனை பேருக்கு அது இன்னும் வாயில் வரவில்லை, சொல்லுங்கள்!