முகம் தெரிய வேண்டும் என்றவன்

"தலையைத் தூக்குங்கக்கா. இங்க பாருங்க." அந்தக் குரல் இன்னும் என் காதில் கிடக்கிறது. அரிசிப் பையோடு நின்ற அக்கா முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். வீடியோ எடுத்தவன் தன் கையாலேயே அதை விலக்கினான்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. ராஜபாளையம் நூல் மில்லில் எனக்குப் பக்கத்து மிஷின். ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் அடித்த புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு தப்பி வந்தவர். கண்ணில் பட்டால் வெட்டுவேன் என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். "ஏட்டி, ஓடுனவ திருப்பூருக்குத்தான் போயிருப்பான்னு அங்கன போயி மில்லு மில்லாத் தேடுதானாம். கூறுகெட்ட பய, இந்தா கெடக்குற ராஜபாளையம் அவனுக்குத் தெரியல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு பயம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு மழையில் எங்கள் லைன் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து அரிசி பருப்பெல்லாம் போயிற்று. அப்போதுதான் அரிசிப் பை கொடுக்க அந்த வீடியோ அண்ணன் வந்தான். பேஸ்புக்கில் தர்மப் பிரபு. வாங்குகிறவர் முகம் தெரிய வீடியோ எடுத்தால்தான் பை கையை விட்டு இறங்கும். "அண்ணே, அவியளை மட்டும் எடுக்காதீங்க. புருஷன் அருவாளோட தேடுதான்" என்று கும்பிட்டேன். "மறைச்சுத்தாம்மா போடுவேன், எனக்குத் தெரியாதா?" என்றான். மறைக்கவில்லை. தெருப் பெயரோடு போட்டான். அழுகிற முகத்துக்குத்தானே லைக் விழும்.

சில நாளில், ஷிப்ட் முடிந்து நாங்கள் வரும்போது தெருமுனையில் புருஷன் நின்றான். முதல் வெட்டு அக்காவின் தாடையில். தடுத்த கையில் விரல்கள் தொங்கின. நான் கல்லை எடுத்து அவன் மண்டையில் அடித்தேன். அவன் விழும்வரை அடித்தேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

ஆஸ்பத்திரிக்கு அதே அண்ணன் ஆப்பிள் பையோடு வந்தான். கூட வந்தவன் போனைத் தூக்கிப் பிடித்தான். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இங்கிட்டுத் திரும்புங்கக்கா, கட்டு தெரியட்டும்" என்றான். கையிலிருந்த டிபன் கேரியரை அவன் மூஞ்சியில் இறக்கினேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. "உதவி செய்ய வந்தவனை அடிக்கிறியே" என்று அலறினான்.

தையல் போட்ட வாயால் அக்கா மெல்லச் சொன்னார்: "விடுட்டி. அவருக்கு ரத்தம் வருதுல்லா, அதையும் படம் புடிச்சுப் போடச் சொல்லு."

புருஷன் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். அண்ணன் அந்த வீடியோவை அழித்துவிட்டானாம். யார் யார் போனிலோ அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா வேறு ஊரில் இருக்கிறார். அவர் மகள் ஒரு காரியம் சாதித்திருக்கிறாள். ஊரைக் கூட்டிப் பெருமையாகச் சொல்ல நாக்கு துடிக்கிறது.

சொல்ல மாட்டேன்.