அம்மா குடித்த இரண்டாம் கஷாயம்

அன்புடையீர்,

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முதலில் வருகிறது.

படவேட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மா, ஆரணியில் பட்டு நெசவாளரான அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். அடுப்படி வேலை முடிந்ததும் நூல் இழைக்க உட்காருவார். எங்களைப் படிக்க வைத்தது அந்தக் கைகள்தாம்.

எழுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, வேலூரில் பிழைத்து எழுந்தார். மருதம்பட்டைக் கஷாயம் இதயத்தைக் காக்கும் என்று பலரும் சொல்ல, அம்மா டாக்டரிடமே கேட்டார்.

"எந்த அளவுக்குக் காக்கும்னு இன்னும் சரியாத் தெரியலம்மா. குடிக்கட்டும், மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார் அவர்.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, படவேட்டிலிருந்து பட்டை கொண்டுவருவார். தினமும் காலையில் அம்மா அதைக் காய்ச்சி வடிகட்டி, மாத்திரையோடு அப்பாவிடம் கொடுப்பார். பிறகு அதே சக்கையில் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்க வைத்துத் தாம் குடிப்பார்.

"பாரும்மா உங்கம்மாவ, சக்கையக் கூட உடமாட்டா" என்று அப்பா கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம். நூல் இழைக்கையில் மார்பைப் பிடித்துக்கொண்டால், "வாயுதான்" என்பார் அம்மா. அந்த வீட்டில் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் நெஞ்சு வலிக்கும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு அந்த வலியிலேயே அம்மா போய்விட்டார்.

காரியத்தன்று மாமா அப்பாவிடம் அழுதுகொண்டே சொன்னார்: "அக்காவுக்கும் மாரு நோவுங்க. ரெண்டு பேருக்கும் பட்டை எடுத்துகினு வரேன்னேன். 'மரத்த ரொம்ப செதுக்காத, அவருக்கு இருந்தா போதும். ஊட்ல ஒரு நோவாளியே போதும்'னுச்சு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சு. நானாவது வாயத் தொறந்திருக்கணும்."

மறுநாள் காலை அப்பா தாமே பட்டையைக் காய்ச்சினார். முதல் கஷாயத்தைத் தொடாமல், சக்கையை மறுபடி கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்தார்.

"வெறும் தண்ணிம்மா இது" என்றார் என்னிடம்.

துக்கத்தில் தோள் கொடுத்த தெருவாருக்கும், படவேட்டு உறவினர்களுக்கும், மாமாவுக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திவசப் படையலில் முதல் கஷாயத்தை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

— மகள்