பிளாட்டில் முளைத்த கொழுக்கட்டைப்புல்

கொழுக்கட்டைப்புல்லைக் களை என்று சொல்பவர்களோடு எனக்கு இன்றைக்கும் சண்டைதான். கம்பும் அதுவும் ஒரே குலம் என்று தாவரவியல் படித்தவர்களே சொல்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ராஜஸ்தான் வழியாக எங்கள் ஊர் கோவில்பதாகை வரை, மழை ஏமாற்றிய மண்ணிலெல்லாம் தூர்கட்டி நிற்கும் புல் அது. நரிவால் போலக் கதிர் விடும். எங்கள் அத்தையின் கறவை மாட்டுக்கு அதைவிட்டால் வேறு தீனி கிடையாது.

அத்தை புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டவள். குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றி, யார் கையையும் எதிர்பாராமல் இருந்தாள். பின்பக்கத்து நிலங்களை அப்பா உட்பட எல்லோரும் விற்று, அவை பிளாட்டுகளாகியிருந்தன. மஞ்சள் எல்லைக்கல் நட்டார்களே தவிர ஒருவரும் வீடு கட்டவில்லை. புல்லுக்கு அது போதாதா?

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு சனிக்கிழமை காலை, பிளாட் விற்கும் புரோக்கர் களைக்கொல்லி தெளிக்க ஆளோடு வந்தார். அத்தை ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"இன்னா அண்ணாத்தே, மாடு துன்ற புல்லாச்சே, அதுல போயி மருந்து அடிக்கிறியே?"

"நாளைக்கு பார்ட்டி வர்றாங்கம்மா. புல்லு இப்டி கீதுன்னா, பாம்பு கீதுன்னு அப்டியே திரும்பிப் பூடுவாங்க."

அத்தை அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று நானும் இடுப்பில் கைவைத்துப் பக்கத்தில் நின்றேன். அவளோ, "மருந்து வேணாம். சாய்ங்காலத்துக்குள்ள நானே சும்மா அறுத்துத் தரேன்" என்றாள். செலவு மிச்சம் என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை வெயிலில் குனிந்து அறுக்க அறுக்க, நான் முறைத்துக்கொண்டு கல்மேல் உட்கார்ந்திருந்தேன். ஒட்ட அறுக்காமல் ஒரு விரல் உயரத்துக்கு அடியை விட்டுவிட்டு அறுத்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு அந்த அடிகள் எல்லாம் முன்னைவிட அடர்த்தியாகக் கிளைத்தன. விஷம் பட்டால்தான் அந்த வேர் சாகும். அரிவாள் பட்டால் அதற்குக் கொண்டாட்டம். புரோக்கர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"யம்மா, இன்னொரு தபா அறுத்துத் தர்றியா?"

"தரேன். ஆனா மருந்து டப்பாவோட இந்தாண்ட வந்தியானா, பொல்லாதவளாயிடுவேன்."

"மருந்து இன்னாத்துக்கும்மா? அதான் நீ கீறியே."

அவர் போனதும் நான் வெடித்தேன். "மறுபடியும் ஓசியிலயா? உனுக்கு ரோஷமே இல்லியா அத்தே?"

அத்தை சிரித்த சிரிப்பில் மாடு திரும்பிப் பார்த்தது. "இல்லடி" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் விற்றுத் தொலைத்த நிலம் முழுவதையும் அவள் தன் மாட்டுக்குக் காசில்லாமலே திருப்பி வாங்கிவிட்டாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ரோஷமில்லாதவளோடு என்ன பேச்சு என்று, அன்று முழுவதும் அவளோடு பேசவேயில்லை.