பத்தியம் மீறாதவள்

கீழச்சிவல்பட்டியில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சொர்ணவல்லி வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். தச்சு வேலை பார்க்கும் சுந்தரம் ஆசாரியின் மனைவி அவள். கீழாநெல்லியை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பாள். உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் கண் தெளிந்துவிடும். கைராசிக்காரி என்று ஊர் சொன்னது. அவளும் அதை நம்பியிருந்தாள்.

1996 ஐப்பசியில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த சுந்தரம் அவளை நிமிர்ந்து பார்த்து அப்படியே நிறுத்திவிட்டார்.

“சொர்ணம், இங்குட்டுத் திரும்பு. கண்ணு என்ன இப்படி இருக்கு?”

கண்ணாடியில் பார்த்தாள். சில வருடங்களாகவே சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலிக்கும். வாயு என்று சுக்குத் தட்டிப் போட்டுக் குடித்துச் சமாளித்திருந்தாள். இப்போது மஞ்சள். தனக்குத் தானே இலை அரைத்தாள்.

ஒரு வாரம் உப்பில்லாத மோர்ச்சோறு. மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் அரிப்பு. தேங்காய் நாரை வைத்துத் தேய்த்ததில் தோல் உரிந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. எட்டாம் நாள் காலை, கண்மாய்க்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

சுண்ணாம்பு என்ற அந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால், கொத்தனார் தங்கச்சாமியின் மனைவி பெத்தாச்சி வந்து சொன்னது: “அக்கா, அவுக உடம்பெல்லாம் சொறிஞ்சு புண்ணாக்கிட்டாக. வெளிக்குப் போறது சுண்ணாம்பு கணக்கா இருக்கு. டவுனு டாக்டருகிட்ட காட்டவா?”

“இங்கிலீசு மருந்து சூடு. பத்தியத்தோட இரு, இறங்கிரும்” என்று சொல்லி அனுப்பினாள் சொர்ணவல்லி. இருபத்திரண்டாம் நாள் தங்கச்சாமி குளிர்க்காய்ச்சல் வந்து செத்துப்போனார். இடையில் கண்மாய் வற்றி ஊரே இறங்கி மீன் பிடித்தபோது, அவர் ஆசைப்பட்டாரென்று பெத்தாச்சி ஒரு நாள் மீன் குழம்பு வைத்துக் கொடுத்திருந்தாள். அது தெரிந்ததும் சாவு வீட்டிலேயே, எல்லாரும் கேட்க, “பத்தியத்தை முறிச்சா மருந்து என்ன பண்ணும்?” என்றாள் சொர்ணவல்லி. அன்றிலிருந்து ஊர் பெத்தாச்சியை ஒரு மாதிரிதான் பார்த்தது.

இப்போது பத்தியம் மீறாதவளுக்கும் அதே சுண்ணாம்பு.

அந்த ஞாயிறு மருந்துக்கு வந்த ஒரு தகப்பனும் மகளும் அவள் கண்ணைப் பார்த்தார்கள். “பெறகு வாரோம்” என்று திரும்பிப் போனார்கள். கலக்கி வைத்த மோர் டம்ளர் அப்படியே நின்றது.

பதினோராம் நாள் உச்சி வெயிலில் அவளுக்குக் குளிர் எடுத்தது. மூன்று போர்வை போட்டும் கட்டில் கடகடவென்று ஆடியது. சுந்தரம் கார் பிடித்துக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார். அங்கே மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும், “நிக்காதீங்க, மதுரைக்குப் போயிருங்க” என்றார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். அதில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. ரத்தம் உறையவில்லை என்று முதலில் ஊசிகள் போட்டார்கள். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள்.

கல்லை எடுப்பதற்கு முன்பும், எடுத்து ஒரு வாரம் கழித்தும், மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் ஆன் மேரி அவளிடம் கேட்டுக்கொண்டு தனியாக ரத்தம் எடுத்தாள்.

“எதுக்கும்மா ரெண்டு தடவை?”

“பித்தம் வெளியேற வழியில்லாமத் தேங்குனா, நம்ம இழுக்குற ஆக்சிஜனே ஈரலுக்குள்ள விஷமா மாறி அரிக்கும். அதைத் தடுக்குற சத்தும் உடம்புல தீர்ந்துபோகும். அடைப்பை எடுத்தபெறகு அது எவ்வளவு மீளுதுன்னு பாக்குறேன். எத்தனை நாள் அடைச்சுக் கெடக்கோ அத்தனைக்குச் சேதம்.”

“கீழாநெல்லி கேக்காதா?”

“கல்லை இலை கரைக்காதும்மா. நாள்தான் போகும்.”

“அரிப்பு, வெளுத்த மலம், அப்பறம் குளிர்க்காய்ச்சல். இப்படி இருந்து ஒருத்தர் செத்தா?”

ஆன் மேரி அவளை உற்றுப் பார்த்தாள். “அடைப்பாத்தான் இருந்திருக்கும். கல்லா வேறயான்னு இப்பச் சொல்ல முடியாது. யாரு?”

“எங்கிட்ட மருந்து குடிச்சவரு” என்றாள் சொர்ணவல்லி.

ஊர் திரும்பிய மறுநாளே பெத்தாச்சி வீட்டுக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பெத்தாச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப மீன் கொழம்பு?”

“அது ஒன்னும் பண்ணல. நான்தான் ஒன்னைத் தடுத்துட்டேன்.”

“மூணு வருசமா நான் மீனைக் கையால தொடல, அக்கா.” குரல் உயரவே இல்லை. “எங்கிட்ட வந்து குசுகுசுன்னு சொல்றீக. அன்னைக்கு ஊரு கேக்கத்தான சொன்னீக? ஊரு கேக்கவே சொல்லுங்க.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தங்கச்சாமி செத்தது மீன் குழம்பால் இல்லை, டாக்டரிடம் போகவிடாமல் தான் தடுத்ததால்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொர்ணவல்லி சொன்னாள். இனி மருந்து கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். கையெல்லாம் சொறிந்து தழும்பாயிருந்த விவசாயி அழகுசுந்தரத்தை மட்டும் தனியே கூப்பிட்டு, “நீக இன்னைக்கே போகணும்” என்றாள். அவர் தலையாட்டினார்.

தை மாதம் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். இரண்டாவது தடவை எடுத்த ரத்தத்திலும் சேதத்தின் அடையாளம் பாதி அப்படியே இருந்ததாக ஆன் மேரி சொன்னாள். வருடாவருடம் வந்து காட்டச் சொன்னாள். பங்குனியில் அழகுசுந்தரம் இறந்த செய்தி வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இலை கொடுக்கும் இன்னொருவரைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு சொர்ணவல்லி யாரையும் சொல்லி மட்டும் அனுப்பவில்லை. அரிப்பும் வெளுத்த மலமுமாக யாராவது வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கூடவே பஸ் ஏறிக் காரைக்குடிக்குக் கூட்டிப் போனாள். அந்த வருடம் நான்கு பேரை அப்படிக் கூட்டிப் போனாள். மூன்று பேர் பிழைத்துத் திரும்பி வந்தார்கள்.