மச்சானின் பற்றரிப் பெட்டி

வானை ஓட்டியது என் தங்கை. பக்கத்தில் நான். பின்னால் அவளுடைய புருஷன், என் மச்சான். ஷ்லீரன் நகரத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

மச்சான் வேப் என்கிற மின்சிகரெட் இழுப்பவர். மேலதிக லித்தியம் பற்றரியைப் பையில் சும்மா போடக்கூடாது, இரும்பு பட்டால் கொதிக்கும் என்று சொல்லி, பிளாஸ்டிக் பெட்டியும் நான்தான் கொடுத்திருந்தேன்.

அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து புகை வந்தது. தங்கை வானை நிறுத்தினாள். பற்றரியை வெளியே எறிவதற்குள் தொடை வெந்துவிட்டது.

"பெட்டி எங்க மச்சான்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். உள்ளே திருநீறு.

"நல்ல இறுக்கமான மூடி. சிந்தாது."

"தொடையிலயும் பூசுங்கோ," என்றாள் தங்கை.

பற்றரி கிடந்த பையிலிருந்து வேலைத்தலக் கதவுகளின் திறப்புக் கொத்தை இழுத்தெடுத்து, ஒவ்வொரு இரும்புத் திறப்பாக அவர் முன்னால் எண்ணினேன்.

பதினாறு.